கல்லாவில் கைவைப்பது சம்பளம் ஆகாது: தனி முதலாளிகள் செய்யும் தவறுகள்

ஓசூர் லேத் பட்டறையோ, காரிமங்கலம் மளிகைக் கடையோ, ஒரே ஆள் பெயரில் நடக்கும் தொழிலுக்குக் கணக்கு எழுத உட்கார்ந்தால் முதலில் சிக்குவது ஒரு கேள்வி: முதலாளி வீட்டுக்கு எவ்வளவு எடுத்தார்? பெரும்பாலும் அவருக்கே தெரியாது. காலையில் பாலுக்கு 200, மாலையில் பெட்ரோலுக்கு 500, பள்ளிக் கட்டணத்துக்கு ஒருநாள் 18,000. எல்லாம் கல்லாவிலிருந்து போகிறது, எதுவும் நோட்டில் ஏறுவதில்லை. மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போது வேலைக்கு நிற்கும் பையன்மேல் சந்தேகம் வருகிறது. அது அநியாயம்.

தொழிலுக்கு நடப்புக் கணக்கு, வீட்டுக்குச் சேமிப்புக் கணக்கு என்று இரண்டு வையுங்கள். மாதம் ஒரே தேதியில், ஒரே தொகை, முதல் கணக்கிலிருந்து இரண்டாவதுக்குப் போகட்டும். வீட்டுச் செலவு முழுக்க அங்கிருந்துதான். கடையின் கியூஆர் அட்டையும் நடப்புக் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும்.

அடுத்த தவறு, அந்தத் தொகையைச் 'சம்பளம்' என்று செலவில் எழுதுவது. தனி உரிமையாளர் தொழிலில் கடையும் நீங்களும் சட்டப்படி ஒரே ஆள். மாதம் 30,000 எடுத்துச் செலவில் காட்டினால் ஆண்டு லாபம் 3,60,000 குறைந்து நிற்கும்; வரிக் கணக்கில் அதைத் திரும்பச் சேர்த்தாக வேண்டும். சம்பளக்காரர்களுக்கான நிலையான கழிவும் (ஸ்டாண்டர்டு டிடக்ஷன்) இதற்குக் கிடையாது. 'எடுப்பு' (டிராயிங்ஸ்) என்று எழுதி, நீங்கள் போட்ட மூலதனக் கணக்கில் கழிப்பதுதான் முறை. வரி முழு லாபத்துக்கு. 2 லட்சம் எடுத்து 5 லட்சத்தைத் தொழிலிலேயே விட்டிருந்தாலும் வருமானம் 7 லட்சம்தான்.

எவ்வளவு எடுப்பது என்பதில்தான் நம் மாவட்டங்களில் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசனை நம்பிப் பெட்டி, அட்டை விற்கும் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். சீசன் 4 மாதம் செலவு போக மாதம் 70,000 மிஞ்சுகிறது. மற்ற 8 மாதம் 20,000. ஆண்டுக்கு 4,40,000. சீசனைப் பார்த்து வீட்டை 50,000-க்குப் பழக்கிவிட்டால் ஆண்டுக்கு 6 லட்சம் வேண்டும். குறையும் 1,60,000 கந்துவட்டிக் கடனாக வரும். மாதம் 28,000 என்று நிறுத்தினால் மந்த மாதங்களில் விழும் துண்டு 64,000. சீசனில் ஒதுங்கும் 1,68,000 அதை அடைத்துவிடும். மீதி 1,04,000 வரிக்கும் அடுத்த சீசன் சரக்குக்கும். சீசன் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனால் ஆகஸ்டில் ஒருமுறை கூடுதலாக எடுக்கலாம், மாதத் தொகையை மட்டும் ஏற்றாதீர்கள்.

வங்கி இருப்பு முழுக்க உங்கள் பணம் என்று நினைப்பதும் அடிக்கடி நடக்கிறது. 1,18,000 பில்லில் 18,000 ஜிஎஸ்டி. சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்து மீதியை அரசுக்குக் கட்ட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பில் பணம் வந்த அன்றே அந்தப் பங்கைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதம் லாபம் என்று அனுமான முறையில் காட்டுகிறவர்கள், வருமான வரி 10,000 அல்லது அதற்கு மேல் வந்தால், முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) முழுவதையும் மார்ச் 15-க்குள் கட்ட வேண்டும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 3 லட்சம் லாபம் காட்டிவிட்டு வீட்டுக்கு 6 லட்சம் எடுத்திருந்தால், கடன் கேட்டுப் போகும்போது வங்கி மேலாளர் அதைத்தான் முதலில் கேட்பார்.

கடைச் சரக்கை வீட்டுக்கு எடுத்தால் கொள்முதல் விலையில் எடுப்பாக எழுதுங்கள். அதை வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகக் கழித்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும்.

எதுவுமே எடுக்காமல் மனைவி சம்பளத்தில் வீட்டை ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் சிக்கனம் என்று நினைக்கிறார்கள், ஆனால் தொழில் நிற்கிறதா சாய்கிறதா என்பதே இதில் மறைந்துவிடுகிறது. உங்கள் இடத்தில் ஒரு ஆளை நிறுத்தினால் என்ன சம்பளம் கேட்பார் என்று விசாரியுங்கள். அவர் 25,000 கேட்பார் என்றால், உங்கள் லாபம் 15,000 என்றால், ஒவ்வொரு மாதமும் உங்கள் உழைப்பில் 10,000 விலையில்லாமல் போகிறது. ஜாப் ஒர்க் (பிறருக்குக் கூலிக்குச் செய்து தரும் வேலை) ரேட்டை ஏற்றிக் கேட்க வேண்டிய தொகை அதுதான்.