டிஎன்ஏ வரிசை ஆய்வு: முதலில் தாளில், பிறகு பைத்தானில்

வரிசை ஆய்வு கற்க வருபவர்கள் பெரும்பாலும் பிளாஸ்டில் (ஒரு வரிசைக்கு ஒத்தவற்றைத் தரவுத்தளத்தில் தேடும் கருவி) தொடங்குகிறார்கள். வரிசையை ஒட்டி பொத்தானை அழுத்தினால் விடை வந்துவிடும். எப்படி வந்தது என்பதுதான் தெரியாது. அதனால் ஒப்பீட்டை முதலில் தாளில் போடுங்கள்.

டிஎன்ஏ-வின் எழுத்துகள் ஏ, சி, ஜி, டி ஆகிய நான்கு. ஏ-சி-ஜி-டி, ஏ-ஜி-டி என இரண்டு வரிசைகள். எழுத்து பொருந்தினால் +1, பொருந்தாவிட்டால் −1, இடைவெளிக்கு −2. ஏ-ஜி-டியை மேலேயும் ஏ-சி-ஜி-டியை இடப்பக்கமும் வைத்து, தொடக்கத்துக்கு ஒரு கட்டம் சேர்த்து, கிடையாக 4, நெடுக்காக 5 கட்டங்கள் வரையுங்கள். மேல் விளிம்பில் 0, −2, −4, −6. இடது விளிம்பில் 0 முதல் −8 வரை. மற்ற கட்டங்களுக்கு மூன்று வழிகள் உண்டு: மூலைவிட்டமாக வந்தால் +1 அல்லது −1, மேலிருந்தோ இடமிருந்தோ வந்தால் −2. மூன்றில் பெரியதை எழுதி, எங்கிருந்து வந்தது என்று அம்புக்குறியும் போடுங்கள். கடைசிக் கட்டத்தில் 1 வர வேண்டும். அம்புகளைப் பிடித்துத் திரும்பினால் சி-க்கு எதிரே இடைவெளி விழும். 1970இல் நீடில்மனும் வுன்ஷும் வெளியிட்ட முறையின் சாரம் இதுதான்.

இதையே பயோபைத்தான் என்ற ஆயத்த நிரல் தொகுப்பு இல்லாமல் பைத்தான் நிரல்மொழியில் எழுதுங்கள். விளிம்புகளில் 0 வைத்துவிடுவது வழக்கமான பிழை. வேடிக்கை என்னவென்றால், மேலே உள்ள எடுத்துக்காட்டில் அப்படி வைத்தாலும் 1தான் வரும். எனவே ஏ-ஏ-ஏ-ஏ, ஏ என்ற ஜோடியையும் ஓட்டுங்கள்: சரியான விடை −5, பிழை இருந்தால் 1 வரும்.

அடுத்து உண்மையான தரவு. ஃபை-எக்ஸ் 174 என்ற வைரஸின் மரபணுத்தொகுதி 5,386 எழுத்துகள்தான். அமெரிக்காவின் உயிரித்தகவல் மையமான என்சிபிஐ-யின் தளத்தில் ஃபாஸ்டா கோப்பாக (தலைப்பு வரியும் அதன் கீழ் வரிசையும் உள்ள உரைக் கோப்பு) கிடைக்கும். நீளம் கூடுதலாக வந்தால், தலைப்பு வரியையோ வரிமுறிவுகளையோ சேர்த்து எண்ணியிருப்பீர்கள். பிறகு ஏடிஜி-யில் தொடங்கி நிறுத்தக் கோடானில் (மரபணுவின் முடிவைக் குறிக்கும் மூன்றெழுத்து) முடியும் பகுதிகளைத் தேடுங்கள். இ என்ற மரபணு டி என்ற மரபணுவுக்குள்ளேயே வேறொரு வாசிப்புச் சட்டத்தில் (எழுத்துகளை மும்மூன்றாகப் பிரிக்கத் தொடங்கும் இடம் வேறு) கிடக்கும். ஒன்றைக் கண்டதும் அதன் முடிவுக்குத் தாவும் நிரல் இதைத் தவறவிடும். ஏ என்ற மரபணுவும் முழுதாக அகப்படாது. மரபணுத்தொகுதி வட்டமானது, கோப்போ நேர்கோடு; அந்த மரபணு கோப்பின் இறுதியில் தொடங்கி ஆரம்பத்தில் முடிகிறது. கோப்பின் முதல் சில நூறு எழுத்துகளை வால்பக்கம் ஒட்டித் தேடினால் கிடைத்துவிடும்.

வரிசைப்படுத்தும் கருவி படித்த துணுக்குகளும் ஒவ்வொரு எழுத்தின் தரமும் ஃபாஸ்ட்க்யூ கோப்பில் இருக்கும்; பொதுவாக ஒரு துணுக்குக்கு 4 வரிகள். @ குறியில் தொடங்கும் வரிகளை எண்ணினால் கணக்கு கூடிவிடலாம், ஏனெனில் தர வரியும் @ குறியில் தொடங்கக்கூடும். மொத்த வரிகளை 4ஆல் வகுப்பதே பாதுகாப்பு. தர வரியில் உள்ள ஒரு குறியின் ஆஸ்கி எண்ணிலிருந்து (கணினியில் அந்தக் குறிக்கு உள்ள எண்) 33ஐக் கழித்தால் தர மதிப்பு; 30 என்றால் ஆயிரத்தில் ஒரு எழுத்து தவறாக இருக்க வாய்ப்பு.

பிளாஸ்டுக்கு இதற்குப் பிறகு வாருங்கள். அது தரும் ஈ-மதிப்பு (இவ்வளவு நல்ல பொருத்தம் தற்செயலாக எத்தனை கிடைக்கலாம் என்ற கணக்கு) தரவுத்தளத்தின் அளவைப் பொறுத்தது. தளம் இரு மடங்கானால் அதே மதிப்பெண்ணுக்கு ஈ-மதிப்பும் ஏறத்தாழ இரு மடங்காகும். வெவ்வேறு தளங்களில் தேடியவற்றை ஒப்பிட வேண்டுமானால் தளத்தின் அளவைச் சாராத பிட் மதிப்பெண்ணைப் பாருங்கள்.