மாடல் ரயிலுக்கு வீட்டிலேயே டிசிசி கமாண்ட் ஸ்டேஷன்

டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) முறையில் தண்டவாளத்தில் முழு வோல்டேஜ் எப்போதும் இருக்கும், துருவம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு சுழற்சியின் பாதி 58 மைக்ரோவிநாடி நீடித்தால் அது 1, 100 நீடித்தால் 0. எஞ்சினுக்குள் உள்ள டீகோடர் இதைப் படித்து மோட்டாரை ஓட்டும். இந்த சிக்னலை உருவாக்கும் கருவிதான் கமாண்ட் ஸ்டேஷன்; அதற்கான டிசிசி-இஎக்ஸ் மென்பொருள் இலவசம். அதன் இஎக்ஸ்-இன்ஸ்டாலர் மூலம் ஆர்டுயினோ போர்டில் ஏற்றிவிட்டால் நிரல் எழுதும் வேலையே இல்லை. தகராறெல்லாம் வயரிங்கில்தான்.

தேவை: ஆர்டுயினோ மெகா 2560, அதன்மேல் பொருத்தும், எல்298 சிப் உள்ள ஆர்டுயினோ மோட்டார் ஷீல்டு ஆர்3, ஹெச்ஓ அளவு (1:87) ரயிலுக்கு 15 வோல்ட் 3 ஆம்பியர் டிசி அடாப்டர். எல்298 தானே சுமார் 2 வோல்ட்டைத் தின்றுவிடும். மலிவாகக் கிடைக்கும் எல்293டி ஷீல்டு வேண்டாம். கரண்டை அளக்க அதில் வழியில்லை, ஷார்ட் ஆனாலும் துண்டிக்காது.

ஷீல்டைப் பொருத்துமுன் அதன் அடிப்பக்கத்தில் 'வின் கனெக்ட்' என்ற இடத்திலுள்ள தாமிரக் கோட்டைக் கத்தியால் அறுங்கள். விட்டுவைத்தால் தண்டவாளத்துக்கான 15 வோல்ட் மெகாவுக்குள் போய் அதன் ரெகுலேட்டரைக் காய்ச்சிவிடும். அறுந்ததா என்று மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பாருங்கள். மெகாவின் யுஎஸ்பி உலோகக் கூடு மேலே உள்ள ஷீல்டின் சால்டர் முனைகளில் படும், அதன்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். மெகாவுக்கு மின்சாரம் யுஎஸ்பி வழியாகவே போகட்டும்.

ஷீல்டின் ஏ முனைகள் பிரதான பாதைக்கு, பி முனைகள் டீகோடரின் முகவரி போன்றவற்றைப் படிக்க, மாற்ற உதவும் புரோகிராமிங் பாதைக்கு. இரண்டு பாதைகளையும் இரு தண்டவாளங்களிலும் இடைவெளி விட்டுப் பிரியுங்கள். பழைய டிசி கன்ட்ரோலரை முழுவதும் கழற்றிவிடுங்கள். டீகோடர் இல்லாத எஞ்சினை வைத்தால் மோட்டார் ரீங்கரிக்கும், சூடேறும்.

கணினியில் கட்டளை தட்டும் சீரியல் மானிட்டரில் வேகம் 115200. கோண அடைப்புக்குள் 1 இட்டால் பாதையில் மின்சாரம் வரும், 0 இட்டால் நிற்கும். புது டீகோடரின் முகவரி வழக்கமாக 3. அதைப் படிக்கும்போது -1 வந்தால் (படிக்க முடியவில்லை என்று பொருள்) முதலில் சக்கரத்தைத் துடையுங்கள். பிறகு மோட்டார் இணைப்பைப் பாருங்கள்: டீகோடர் சுமார் 6 மில்லிவிநாடி, 60 மில்லிஆம்பியர் கூடுதலாக இழுத்துத்தான் பதில் சொல்லும், அதற்கு மோட்டார் வேண்டும்.

பாதைக்கடியில் 1.5 ஸ்கொயர் எம்எம் வயர் ஓட்டி, ஒன்றிரண்டு மீட்டருக்கு ஓரிடத்தில் தண்டவாளத்துக்குக் கிளை கொடுங்கள். பிறகு கடைக்கோடியில் இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். உடனே மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் கிளைகள் போதவில்லை. அந்த நிலையில் எஞ்சினை ஏற்றாதீர்கள்.