சரிவில் நிற்கும் வீட்டுக்கு உயரம் எவ்வளவு? லைடார் தரவிலிருந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருக்கிற கட்டிடங்களில் பெரும்பாலானவற்றுக்கு யாரும் உயரம் குறிக்கவில்லை. இங்கிலாந்தில் உள்ள கட்டிடங்களுக்கு அதை நீங்களே வீட்டில் உட்கார்ந்தபடி சேர்க்கலாம், காசு எதுவும் செலவில்லை. அந்த நாட்டின் சுற்றுச்சூழல் முகமை விமானத்திலிருந்து லேசர் அடித்து நிலத்தை அளந்து (இந்த முறைக்குத்தான் லைடார் என்று பெயர்), அந்தத் தரவை 2015 முதல் எல்லாருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. 1 மீட்டருக்கு ஒரு புள்ளி, உயரத்தில் பிழை சுமார் 15 செ.மீ. இந்த வேலைக்கு இது தாராளம்.

பழகுவதற்கு வடக்கு இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் உள்ள ஹெப்டன் பிரிட்ஜ் என்ற சிற்றூரை எடுத்துக்கொள்வோம். செங்குத்தான பள்ளத்தாக்கு அது. இடம் போதாமல் அங்கே வீட்டின் மேல் வீடு கட்டினார்கள். கீழ் வீட்டுக்கு வாசல் பள்ளத்துப் பக்கத் தெருவில், மேல் வீட்டுக்கு வாசல் மேட்டுப் பக்கத் தெருவில். ஒரு பக்கம் பார்த்தால் நாலு மாடி, மறு பக்கம் பார்த்தால் இரண்டே மாடி. இங்கே உயரம் எடுக்கத் தெரிந்துவிட்டால் சமதளத்து ஊரெல்லாம் சுலபம்.

முதலில் தரவு. முகமையின் பதிவிறக்கப் பக்கத்தில் உங்கள் பகுதியைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்தால் கிடைப்பவற்றின் பட்டியல் வரும். இரண்டு கோப்புகள் போதும். ஒன்று டிடிஎம், அதாவது மரம், கட்டிடம் எல்லாவற்றையும் நீக்கிய வெறும் தரை. இன்னொன்று டிஎஸ்எம், கூரையும் மரமும் சேர்ந்த மேற்பரப்பு. டிஎஸ்எம்மில் முதல் எதிரொளி, கடைசி எதிரொளி என்று இரண்டு வகை இருக்கும், கடைசியை எடுங்கள். லேசரில் ஒரு பகுதி இலையில் பட்டுத் திரும்பினாலும் மீதி கிளைகளுக்கு நடுவே கீழே போய்த் திரும்பும், அதனால் கூரைமேல் சாய்ந்த மரங்களின் தொல்லை குறையும்.

அடுத்து க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைத் திறந்து இரண்டையும் ஏற்றுங்கள். குயிக்ஓஎஸ்எம் என்ற செருகுநிரலில் பில்டிங் என்று கேட்டால் கட்டிட எல்லைகள் இறங்கிவிடும். அவை பாகைக் கணக்கில் இருக்கும், ஆகவே 27700 என்ற எண்ணுள்ள பிரிட்டிஷ் ஆயத்தொலை முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்து வரும் மீட்டர் கணக்கெல்லாம் தப்பாகப் போய்விடும்.

இப்போது பஃபர் கருவியில் −1 மீட்டர் கொடுத்து எல்லைகளை உள்ளே சுருக்குங்கள். வரைபடத்தில் உள்ள கோடு ஒரு மீட்டர் தள்ளி இருப்பது சகஜம், சுருக்காவிட்டால் பக்கத்துக் கூரையின் உயரமும் உங்கள் வீட்டுக் கணக்கில் ஏறும். சுருக்கிய எல்லையை வைத்து, ஒவ்வொரு எல்லைக்குள்ளும் விழும் புள்ளிகளைக் கணக்கிடும் ஸோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கருவியில் டிஎஸ்எம்மின் உச்ச மதிப்பையும் நடு மதிப்பையும் எடுங்கள். சுருக்காத பழைய எல்லையை வைத்து டிடிஎம்மின் குறைந்த மதிப்பை எடுங்கள். பிறகு கட்டிட எண்ணை வைத்து இரண்டு அட்டவணையையும் இணைத்துவிடுங்கள்.

பல வழிகாட்டிகள் டிஎஸ்எம்மிலிருந்து டிடிஎம்மை நேரடியாகக் கழித்து, அந்தப் படத்தின் உச்சத்தையே உயரம் என்று எடுக்கச் சொல்லும். சமதளத்தில் அது சரி. ஹெப்டன் பிரிட்ஜில் சரிவராது. கட்டிடத்துக்கு அடியில் லேசர் போகாது, அங்கே டிடிஎம் என்பது சுற்றியுள்ள தரையை வைத்து நிரப்பிய ஊகம்தான், அதுவும் சரிவாக ஓடும். கூரையின் முகடு நடுவில் இருப்பதால் பாதிச் சரிவு வரை உயர்ந்துவிட்ட தரையிலிருந்து கழிபடும், வீடு குட்டையாகிவிடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கேட்பதோ கட்டிடம் நிலத்தைத் தொடும் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து கூரை உச்சி வரை. எனவே உச்ச டிஎஸ்எம்மிலிருந்து குறைந்த டிடிஎம்மைக் கழியுங்கள். உதாரணத்துக்கு முகடு 134.1, பள்ளத்துத் தெருவோரம் 120.4 என்றால் உயரம் 13.7 மீட்டர்.

அப்புறம் புகைபோக்கி. பழைய வரிசை வீடுகளில் அது முகட்டைத் தாண்டி நிற்கும், உச்ச மதிப்பு அதைத்தான் பிடிக்கும். உச்சத்துக்கும் நடு மதிப்புக்கும் 3 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கிற கட்டிடங்களை நான் தனியாகப் பிரித்துவிடுவேன். ஆனால் சிறிய புகைபோக்கி அந்த வலைக்குள் சிக்காமல் போகலாம், அதனால் சேர்க்கப்போகும் ஒவ்வொரு வீட்டின் குறுக்கேயும் உயரத்தின் வெட்டுமுகத்தைக் காட்டும் எலிவேஷன் ப்ரொஃபைலில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள் (க்யூஜிஐஎஸ் 3.26 முதல் இது உள்ளேயே இருக்கிறது). முகடு வீட்டின் நீளத்துக்கும் தொடர்ந்து வரும். புகைபோக்கி ஓரிரு புள்ளிகளில் குத்தி நின்று மறைந்துவிடும். முகட்டின் எண்ணை எடுத்துக்கொண்டு குத்தலை விட்டுவிடுங்கள். இதே கோட்டில் பள்ளத்துப் பக்கத் தரையும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம், தடுப்புச் சுவருக்குக் கீழே உள்ள தெருவைத் தரையாக எடுத்துக்கொண்டால் வீடு சும்மா உயர்ந்துவிடும்.

சேர்ப்பது எளிது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்திலேயே உள்ள ஐடி எடிட்டரில் கட்டிடத்தைத் தேர்ந்தெடுத்து உயரம் என்ற கட்டத்தில் எண்ணை மட்டும் இடுங்கள், ஒரு தசமம் போதும், மீட்டர் என்று எழுத வேண்டாம். திருத்தக் குறிப்பில் சுற்றுச்சூழல் முகமையின் லைடார் என்று மூலத்தைச் சொல்லுங்கள், திறந்த உரிமத்தின் நிபந்தனை அது. மாடி எண்ணிக்கை தனி டேக் (கட்டிடத்தோடு சேர்க்கும் தகவல் குறி), அதை உயரத்தை 3ஆல் வகுத்து ஊகித்து நிரப்பாதீர்கள்.

ஊர் முழுக்க ஒரே மூச்சில் ஏற்றலாமே என்று தோன்றும். அதற்கு இறக்குமதி விதிகள் இருக்கின்றன, முதலில் அந்நாட்டு வரைபடக்காரர்களிடம் திட்டத்தைச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். தொடக்கத்தில் ஒரே ஒரு தெருவை எடுத்து வீடு வீடாகச் செய்யுங்கள். லேசர் அளவீடு எந்த ஆண்டு நடந்தது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு எழும்பிய கட்டிடத்துக்கு டிஎஸ்எம் காட்டுவது பழைய காலி மனையின் உயரம், அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.