ஸ்டேட் ஃபேர், கம்பளி நூல், டாரோ சீட்டு: ஆசையாகப் போய்க் கோட்டை விடும் இடங்கள்

ஆகஸ்ட் கடைசி வந்துவிட்டால் மினியாபொலிஸ், செயின்ட் பால் பக்கம் அலுவலகத்திலும் பக்கத்து வீட்டிலும் கேட்கிற முதல் கேள்வி, "ஃபேருக்குப் போயாச்சா?" மினசோட்டா தனி மாநிலமான அடுத்த வருடமே, 1859-இல் தொடங்கிய மினசோட்டா ஸ்டேட் ஃபேர் என்கிற மாநிலத் திருவிழா இது. 1885 முதல் ஃபால்கன் ஹைட்ஸில் இதே மைதானத்தில் நடக்கிறது. செப்டம்பர் முதல் திங்கள்கிழமையான லேபர் டே அன்று முடிகிற மாதிரி 12 நாள். 2019-இல் 21 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் சாப்பாட்டுக்கும் ராட்டினத்துக்கும் வருகிறார்கள். நான் எழுதுவது நிட்டிங், குரோஷே, நூல் நூற்பது என்று எப்போதும் கையில் நூலோடு இருப்பவர்களுக்கு. அவர்களில் பலர், குறி பார்க்கவும் பயன்படுகிற டாரோ படச் சீட்டுக்கட்டுகளையும் ஆசையாகச் சேர்க்கிறவர்கள் என்பதால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஃபேர், கம்பளி, டாரோ மூன்றிலும் நம் தவறுகள் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் வருகின்றன. பொருளைப் பார்க்கிறோம், அதைச் செய்த கையைக் கவனிக்க நேரம் ஒதுக்குவதில்லை.

முதலில், போகிற நாள். லீவு நாள்தானே என்று இரண்டாவது சனிக்கிழமை கிளம்ப வேண்டாம். 2018-இல் அப்படி ஒரு சனிக்கிழமை மட்டும் 2,70,000 பேருக்கு மேல் வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு லேஸ் சால்வையின் வேலைப்பாட்டைப் பார்ப்பது நடக்காத காரியம். வாரநாள் காலையில் போங்கள். காரை எங்காவது பார்க் அண்டு ரைடில் விட்டுவிட்டு பஸ்ஸில் போவதுதான் நிம்மதி. கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால், வெயில் ஏறும் முன் திறந்தவெளிகளை முடித்துவிட்டு மதியத்துக்குக் கட்டிடங்களை வைத்துக்கொள்ளுங்கள். 322 ஏக்கர் மைதானம், நடந்து தீராது. சைவம் சாப்பிடுபவர்கள் குச்சியில் செருகிய எதையும் கேட்காமல் வாங்க வேண்டாம், ப்ரான்டோ பப் என்பது மாவில் தோய்த்துப் பொரித்த சாசேஜ். சுட்ட சோளம் இருக்கிறது, பால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று ஒரு கடையே இருக்கிறது. அது போதும்.

கைவினைப் பொருட்கள் இருப்பது கிரியேட்டிவ் ஆக்டிவிட்டீஸ் கட்டிடத்தில். சாப்பிட்டுச் சுற்றிக் களைத்தபின் ஏசிக்காக உள்ளே நுழைவது பலருடைய வழக்கம். அப்படி நுழைந்தால் ரிப்பன்தான் கண்ணில் படும், பின்னல் படாது. நான் எப்போதும் சொல்வது, காலையில் கண் தெளிவாக இருக்கும்போதே அங்கே போய்விடுங்கள். ஒரு ஸ்வெட்டரின் முன் நின்றால் முதலில் தோள் சேருமிடத்தைப் பாருங்கள். அடுத்தது கழுத்துப் பட்டி. அங்கே கண்ணிகளை எடுத்து மேலே பின்னியிருப்பார்கள், ஓட்டை தெரிகிறதா, ஒரே சீராக இருக்கிறதா என்று கவனியுங்கள். பொத்தான் பட்டி அலை அலையாக நெளிகிறதா? கோடு போட்ட டிசைன் என்றால் பக்கத் தையலில் கோடும் கோடும் சேர்கிறதா? முதல் பரிசு வாங்கியதையும் மூன்றாம் பரிசு வாங்கியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்? பரிசே வாங்காதவற்றையும் விடாதீர்கள். நிறச் சேர்க்கையில் நான் கற்றதெல்லாம் அந்த அடுக்குகளில்தான்.

ரிப்பனின் நிறத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வதும் சகஜம். அமெரிக்காவில் நீலம் முதல் பரிசு, சிவப்பு இரண்டு, வெள்ளை மூன்று. பிரிட்டனில் வேளாண் கண்காட்சி பார்த்துப் பழகியவர்களுக்கு இது குழப்பும், அங்கே சிவப்புதான் முதலிடம். அப்புறம், 4-எச் என்கிற சிறுவர் அமைப்பின் பிள்ளைகளுக்கான பிரிவில் முறையே வேறு. டேனிஷ் முறை என்பார்கள். அதில் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட மாட்டார்கள், ஒவ்வொரு பொருளையும் ஒரு தரத்தோடு ஒப்பிடுவார்கள். தரத்தை எட்டிய எல்லாருக்கும் நீலம் கிடைக்கும். "என் பிள்ளைக்கு நீலம், அப்போ அவன்தான் ஃபர்ஸ்ட்" என்று வீட்டில் அறிவித்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் நீலம் என்று தெரிந்ததும் முகம் வாடிப்போகும் பெற்றோர் உண்டு. வாட வேண்டியதில்லை. இரண்டு பிள்ளைகளும் நன்றாகச் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான் அதன் பொருள்.

செய்து காட்டுபவர்களிடம் பேசாமல் வருவது இன்னொரு இழப்பு. நெய்பவரோ நூற்பவரோ உட்கார்ந்திருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள், சொல்வதற்காகத்தான் வந்திருக்கிறார்கள். உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தால் மட்டும் அந்த வரிசை முடியும் வரை பொறுங்கள்.

டாரோ சீட்டுக்கட்டு

செய்தவரைக் கவனிக்காமல் விட்டதற்கு டாரோவை விடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இன்று கடைகளில் பார்க்கும் கட்டுகளில் பாதிக்கு மேல் 1909-இல் லண்டனில் வெளியான ஒரே கட்டின் சாயலில் வந்தவை என்று தோன்றும். அதை வெகுகாலம் ரைடர் வெய்ட் கட்டு என்றே சொன்னார்கள். ரைடர் பதிப்பாளர், வெய்ட் அதை வடிவமைக்கச் சொன்னவர். 78 சீட்டையும் வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித் பெயர் அதில் இல்லை. வேலை பெரிது, காசு மிகக் கொஞ்சம் என்று அவரே அந்த வருடம் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் கையெழுத்தைப் போட்டிருக்கிறார். சீட்டின் கீழ் மூலையில் கொடி போல வளைந்த மூன்று எழுத்து, அவர் பெயரின் முதலெழுத்துகள். அந்தக் கட்டு வீட்டில் இருந்தால் இப்போதே எடுத்துத் தேடிப் பாருங்கள்.

அதனால்தான் மலிவு விலை நகல் கட்டுகளை வாங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். இன்று தனி ஓவியர்கள் பலர் தாங்களே வரைந்து, அச்சிட்டு, விற்கிறார்கள். அவர்கள் படத்தை அப்படியே திருடிப் பாதி விலைக்கும் கீழே விற்கிற இணையக் கடைகள் நிறைய. கோடுகள் மங்கலாக இருக்கும், ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், விளக்கப் புத்தகத்துக்குப் பதில் ஸ்கேன் செய்ய ஒரு கட்டம் மட்டும் இருக்கும். ஓவியரின் பெயரைத் தேடி அவருடைய சொந்தக் கடை எது என்று பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

டாரோ எகிப்தியப் பூசாரிகளின் ரகசியம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அந்தக் கதையை 1781-இல் பிரான்சில் கூர் த ஜெபலான் என்பவர் ஆதாரமில்லாமல் எழுதினார். உண்மையில் இது 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த சீட்டாட்டம். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் அதை விளையாடுகிறார்கள். குறி பார்ப்பது பின்னால் வந்து சேர்ந்தது. முதல் கட்டை யாராவது பரிசாகத் தந்தால்தான் ராசி என்பதற்கும் அடிப்படை கிடையாது. பிடித்த கட்டை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

மரணச் சீட்டைப் பார்த்ததும் கவிழ்த்து வைக்கிறவர்கள் அந்த 1909 கட்டில் உள்ள படத்தை முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு, கையில் கறுப்புக் கொடி, கொடியில் வெள்ளை ரோஜா. குதிரைக்கு முன்னால் முழங்காலிட்ட சின்னக் குழந்தை. பின்னணியில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். ஒரு காலம் முடிந்து இன்னொன்று தொடங்குவதாகத்தான் பெரும்பாலோர் இதைப் படிக்கிறார்கள். எது எப்படியோ, உடம்பு சரியில்லாதவரிடமும் பணக் கஷ்டத்தில் இருப்பவரிடமும் சீட்டை வைத்து முடிவு சொல்லாதீர்கள். அவர்களுக்கு டாக்டரும் கணக்குத் தெரிந்தவரும் தேவை.

கைவேலை செய்பவர்களுக்கு இரண்டு சீட்டைச் சிபாரிசு செய்வேன். நாணயம் எட்டு: ஏப்ரன் கட்டிய கைவினைஞர் பெஞ்சில் உட்கார்ந்து நாணயத்தைச் செதுக்குகிறார், முடித்தவற்றை வரிசையாக மாட்டியிருக்கிறார், ஊர் எங்கோ தூரத்தில். நாணயம் மூன்று: தேவாலயத்தில் வேலை செய்யும் சிற்பி, பக்கத்தில் வரைபடத்தோடு இருவர் நின்று கவனிக்கிறார்கள். போட்டிக்குப் பொருள் கொடுத்துவிட்டு நடுவர் முன் நிற்கிற மனநிலை அதில் அப்படியே இருக்கிறது.

கம்பளி வாங்கும்போது

ஆட்டுக் கொட்டகைக்குப் போனாலே கத்தரித்த ரோமத்தை முழுசாக வாங்கிவிட வேண்டும் போலிருக்கும். வாசமும் பளபளப்பும் அப்படி. எடையைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதில் லானோலின் எண்ணெய், வியர்வை உப்பு, மண் எல்லாம் சேர்ந்திருக்கிறது. மெரினோ இன ஆட்டின் ரோமம் கழுவினால் பாதி எடை போய்விடும். நூற்கப் பழகுகிறவருக்கு மெரினோவே வேண்டாம் என்பேன், இழை மிக மெல்லியது, சட்டென்று முடிச்சு விழும். காரிடேல் அல்லது ராம்னி இன ஆட்டு ரோமம் வாங்குங்கள். தக்ளியில் நூற்றுப் பழகிய கைக்குக்கூட இவைதான் முதலில் இணங்கும்.

வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை. ஒரு குஞ்சம் எடுத்து இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து வெடுக்கென்று இழுங்கள். தெளிவாக ஒரு ஒலி எழுந்தால் ரோமம் திடமானது. படபடவென்று பொரிகிற சத்தம் கேட்டால் நடுவில் பலவீனம் இருக்கிறது. ஆடு நோய்ப்பட்டிருக்கலாம், குட்டி ஈன்ற நேரமாக இருக்கலாம். அது நூற்கும்போது அறுந்துகொண்டே இருக்கும். பிறகு ரோமத்தை விரித்துப் பாருங்கள். அரை அங்குலத் துணுக்குகள் நிறைய உதிர்ந்தால் கத்தரித்தவர் ஒரே இடத்தில் இரண்டு தரம் ஓட்டியிருக்கிறார். அவை நூலில் உருண்டை உருண்டையாக நிற்கும். வைக்கோலும் முள்விதையும் நுனியில் மட்டும் இருந்தால் பரவாயில்லை, உள்ளே ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள்.

கழுவுவதில்தான் நல்ல கம்பளி நிறையப் பாழாகிறது. சோப்புத் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில், 60 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் இளகாது. ரோமத்தை அமிழ்த்திவிட்டுச் சும்மா விடுங்கள். கசக்கினால், அலசினால், குழாயை அதன் மேலேயே திறந்துவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு அட்டையாகிவிடும், அதை மீட்கவே முடியாது. அதே நேரம், ஆறவும் விடக் கூடாது. தண்ணீர் ஆறினால் இளகிய எண்ணெய் திரும்ப ரோமத்திலேயே படியும். சூடு குறையும் முன் ரோமத்தைத் தூக்கி வைத்துவிட்டுத் தண்ணீரை மாற்றுங்கள், அடுத்த தண்ணீரும் அதே சூட்டில்.

கொட்டகையிலிருந்து வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சானிடைசர் மட்டும் போதாது. கன்றும் குட்டியும் பிறப்பதைக் காட்டும் கூடத்தோடு தொடர்புள்ள ஈ.கோலை தொற்று 2019-இல் 11 பேருக்கு வந்தது. சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இதில் அசட்டை வேண்டாம்.

போட்டிக்குக் கொடுப்பவர்களுக்கு

ஃபேர் தொடங்கிய பிறகு ஸ்வெட்டரும் கையுமாகப் போனால் வாங்க மாட்டார்கள். பதிவு, ஒப்படைப்பு, தீர்ப்பு எல்லாம் திறக்கும் முன்பே முடிந்துவிடும். பிரீமியம் புக் என்று ஒரு விதிப் புத்தகம் வரும், வெளியான அன்றே உங்கள் பிரிவை முழுதாகப் படியுங்கள். நல்ல வேலைகூடத் தவறான பிரிவில் பதிந்ததால் அடிபட்டுப் போகும்.

கடினமான டிசைன்தான் ஜெயிக்கும் என்று நினைப்பது பெரிய தவறு. எளிய டிசைனைச் சுத்தமாக முடித்தவர் முந்திவிடுவார். நடுவர் முதலில் செய்யும் வேலை பொருளைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்ப்பது. நூல் வால்கள் செருகப்பட்டிருக்கின்றனவா, முன்பக்கம் எட்டிப் பார்க்கின்றனவா, முடிச்சு இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே தெரியும். பின்னி முடித்த களைப்பில் இந்த வேலையைக் கடைசி இரவுக்குத் தள்ளாதீர்கள்.

கழுவாமல் கொடுப்பதும் அப்படித்தான். கம்பளியை நனைத்து, அளவுக்கு விரித்து, ஊசி குத்திக் காயவிட்டால்தான் கண்ணிகள் சமமாக உட்காரும். மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளி என்றால் எச்சரிக்கை, தண்ணீர் பட்டதும் நீளும். அதனால் மாதிரித் துண்டைப் பின்னும்போதே கழுவிக் காயவைத்து அளக்க வேண்டும். அக்ரிலிக்கில் ஆவி இரும்பைக் காட்டினால் நூல் செத்துத் தொளதொளவென்று தொங்கும், திரும்பாது. நாய் பூனை வளர்க்கிறவர்கள் வெளிச்சத்தில் பிடித்து முடி எடுங்கள். தாளிப்பு வாசமும் ஊதுபத்தி வாசமும் கம்பளியில் தங்கும். பின்னும்போதே துணிப்பையில் கட்டி, சமையலறைக்குத் தள்ளி வையுங்கள்.

முதல் தடவை என்றால் டாரோ கட்டுக்கு ஒரு பை பின்னிக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. சின்னப் பொருள், சீக்கிரம் முடியும், உள்பக்கத்தையும் வாய்ப்பக்கத்தையும் பொறுமையாகச் சரிசெய்ய நேரம் இருக்கும். அதற்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருளைக் கொடுத்தபோது தந்த ரசீதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஃபேர் முடிந்தபின் குறிப்பிட்ட நாளில் போய்த் திரும்ப வாங்க வேண்டும். நடுவரின் குறிப்பு சேர்ந்து வந்தால், ரிப்பன் இல்லை என்ற வருத்தத்தில் அதைக் கசக்கிப் போடாதீர்கள். "இடது கைப்பட்டி இறுக்கம்" என்று எழுதியிருந்தால் அன்றைக்கே போட்டுப் பாருங்கள். ஒருதரம் காட்சிக்கு வைத்ததைத் திரும்ப ஏற்பது வழக்கமில்லை, ஆகவே அடுத்த வருடத்துக்கு வேறு ஒன்றைப் பின்ன வேண்டியிருக்கும். குளிர்காலம் நீளம், ஊசி ஏற்ற நேரம் இருக்கிறது.