மூன்று சக்கரம் இருந்தால் மட்டும் ஓடிவிட முடியாது: ஸ்ட்ரோலர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகனுக்கு ஒன்பது மாதம் முடிந்த வாரம். காலை ஏழு மணி, சிங்கப்பூரின் காலாங் ஆற்றோரப் பூங்கா இணைப்புப் பாதை. பிரசவத்துக்குப் பிறகு முதல்முறையாக அவனையும் கூட்டிக்கொண்டு ஓடப்போகிறேன் என்ற சந்தோஷம். நடந்துபோனவரைக்கும் ஸ்ட்ரோலர், அதாவது குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி, வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. ஓட ஆரம்பித்து ஐம்பது அடிகூடத் தாண்டியிருக்க மாட்டேன், முன்சக்கரம் இடமும் வலமுமாக உதற ஆரம்பித்தது. அந்த நடுக்கம் கைப்பிடி வழியாக என் முழங்கை வரை ஏறியது. குனிந்து பார்த்தால் குழந்தையின் தலை பக்கவாட்டில் ஆடுகிறது, தொப்பி கண்ணை மூடிவிட்டது. அப்படியே நிறுத்திவிட்டேன். அவன் அழவில்லை. எனக்குத்தான் கை நடுங்கியது.

அந்த ஸ்ட்ரோலருக்கு மூன்று சக்கரம், தடித்த டயர், எல்லாப் பாதைக்கும் ஏற்றது என்ற விளம்பரம் எல்லாம் இருந்தன. வீட்டுக்கு வந்து கையேட்டைத் தேடி எடுத்தேன். "இந்த வண்டி ஓடுவதற்கோ ஸ்கேட்டிங் செய்வதற்கோ ஏற்றதல்ல" என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தார்கள். குழந்தை வண்டிகளுக்கான ஐரோப்பாவின் ஈஎன் 1888 பாதுகாப்புத் தரநிலையைப் பின்பற்றும் வண்டிகளின் கையேட்டில் வழக்கமாக வரும் எச்சரிக்கை அது. வாங்குவதற்கு முன் நான் அதைத் தேடிப் படிக்கவில்லை. பலரும் செய்கிற முதல் தவறு இதுதான்.

மூன்று சக்கரம் என்பது வெறும் வடிவம்

ஓடும் அப்பா அம்மாக்களுக்கான மூன்று சக்கர வண்டி 1984-ல் அமெரிக்காவின் யாக்கிமா நகரில் பிறந்தது. ஃபில் பேக்ளர் என்பவர் ஒரு ஸ்ட்ரோலரில் சைக்கிள் சக்கரங்களைப் பூட்டி, மகனை உட்கார வைத்துக்கொண்டு ஓடினார். அதிலிருந்து வந்த நிறுவனம்தான் பேபி ஜாகர். அதே பெயரில் இன்று விற்கும் சிட்டி மினி என்ற வண்டிக்கும் மூன்று சக்கரம் உண்டு. இருக்கையின் நடுவில் உள்ள வாரை இழுத்தால் ஒரே கையில் மடங்கிவிடும். ஆனால் ஓடுவதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். ஓட்டத்துக்கென்று அவர்கள் தனியாக விற்பது சம்மிட் எக்ஸ்3 போன்ற மாடல்களை. பெயரிலேயே ஜாகர் (ஓடுபவர்) என்று இருந்தும் இப்படி என்றால், மற்ற வண்டிகளை வடிவத்தை மட்டும் பார்த்து நம்புவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த உதறலுக்குக் காரணம் எளிது. அன்றாட வண்டிகளில் முன்சக்கரம் எந்தப் பக்கமும் சுழலும். அதனால்தான் கடைச் சந்துகளில் ஒரு விரலால்கூடத் திருப்ப முடிகிறது. வேகம் கூடினால் அந்தச் சுழற்சியே எதிரி. ஒரு சின்னக் கல்லில் இடித்துச் சக்கரம் இடப்பக்கம் விலகினால், திரும்பி வரும்போது நேரில் நிற்காமல் வலப்பக்கம் தாண்டிவிடும், மறுபடி இடப்பக்கம் போகும். பேரங்காடித் தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளினால் ஒரு சக்கரம் படபடவென்று அடித்துக்கொள்ளுமே, அதேதான். ஓட்ட வண்டியில் முன்சக்கரம் ஒன்று நிரந்தரமாக நேராக இருக்கும், அல்லது தேவைப்படும்போது நேராகப் பூட்டிக்கொள்ள வழி இருக்கும். அன்றாடத்துக்கும் ஓட்டத்துக்கும் ஒரே வண்டிதான் என்றால் இரண்டாவது வகையை வாங்குங்கள். ஓடுமுன் பூட்ட மறப்பது, பூட்டே இல்லாத வண்டியில் ஓடுவதற்குச் சமம்.

ஆனால் பூட்டு மட்டும் இருந்தால் போதாது. சில கச்சித வண்டிகளிலும் முன்சக்கரப் பூட்டு உண்டு. அது மணலிலும் புல்லிலும் தள்ளுவதற்காக வைத்தது. நிஜமான ஓட்ட வண்டியில் காற்றடித்த டயர் (பெரும்பாலும் முன்னால் 12 அங்குலம், பின்னால் 16 அங்குலம்), குலுக்கலை உள்வாங்கும் சஸ்பென்ஷன், மணிக்கட்டில் மாட்டும் வார் எல்லாம் இருக்கும். நல்ல மாடல்களில் கைப்பிரேக்கும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடலாம் என்று கையேட்டில் எழுத்தில் இருக்க வேண்டும். கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது.

கச்சிதமும் ஓட்டமும் ஒன்றையொன்று இழுக்கும்

சின்னதாக மடங்க வேண்டும், லேசாக இருக்க வேண்டும், ஓடவும் வேண்டும். எல்லோரும் கேட்பது இதைத்தான், நானும் கேட்டேன். பெரிய சக்கரம்தான் குழிமேட்டைத் தாண்டும். சாலை கடக்கும் இடங்களில் பார்வையற்றோருக்காகப் பதித்த புடைப்புக் கற்களில் சின்னச் சக்கரம் தடதடக்கும், பெரியது உருண்டு போய்விடும். ஆனால் 16 அங்குலம் என்பது 40 செ.மீ. எப்படி மடித்தாலும் வண்டி அந்தச் சக்கரத்தைவிடச் சின்னதாகாது. சிட்டி மினி ரக வண்டி 8, 9 கிலோ இருக்கும். தூலே நிறுவனத்தின் அர்பன் கிளைடு போன்ற ஓட்ட வண்டி 11 கிலோவைத் தாண்டும், அகலம் 70 செ.மீ-ஐ நெருங்கும். அதில் பத்து கிலோ குழந்தையும் பையும் ஏறினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

அதனால் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் டேப்பை எடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் இரும்புக் கேட் முழுதாகத் திறந்தால் எவ்வளவு இடைவெளி? மின்தூக்கிக் கதவு எவ்வளவு அகலம், உள்ளே ஆழம் எவ்வளவு? மடித்த வண்டி செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நிற்குமா? வெளியே தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நெருப்பு, புகை வந்தால் எல்லோரும் ஓடிவரும் வழி அது. குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு அடைப்பு இருக்கக்கூடாது என்பது தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் விதி.

பேருந்தையும் கணக்கில் சேருங்கள். 2017 ஏப்ரல் முதல் சிங்கப்பூர்ப் பேருந்துகளில் ஸ்ட்ரோலரை மடிக்காமல் ஏற்றலாம், நமக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் சக்கர நாற்காலியில் வருபவருக்குத்தான் அந்த இடத்தில் முன்னுரிமை. அவர் ஏறினால் ஒரு கையில் குழந்தையும் மறுகையில் வண்டியுமாக மடித்தாக வேண்டும்.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வாரத்தில் ஒருமுறை ஓடினாலே அதிகம் என்கிறவர்கள் ஓட்ட வண்டி வாங்க வேண்டாம். கச்சிதமான நல்ல வண்டியை வாங்கி அதில் நடந்துபோங்கள். ஓடும் அரைமணி நேரம் குழந்தை அப்பாவிடமோ பாட்டியிடமோ இருக்கட்டும். வாரம் மூன்று நாள் ஓடுபவர்கள் ஓட்ட வண்டியை வாங்கிவிட்டு, மின்தூக்கியில் அது அடைக்கும் இடத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் நின்று இரண்டும் போல ஒன்றைத் தேடி வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

அரிசி மூட்டையோடு கடைக்குப் போங்கள்

கடையில் எல்லா வண்டியும் வழுக்கிக்கொண்டு போகும், ஏனென்றால் உள்ளே யாரும் இல்லை, தரையும் பளிங்கு. இரண்டாவது முறை வாங்கப் போனபோது ஐந்து கிலோ அரிசிப் பைகள் இரண்டை எடுத்துப்போனேன். என் கணவருக்குக் கொஞ்சம் கூச்சம். கடைப்பெண்ணோ தானே பைகளை வாங்கி இருக்கையில் வைத்து ஐந்து வாரையும் பூட்டிக் கொடுத்தார். அந்தப் பத்து நிமிடத்தில் நான் தெரிந்துகொண்டதை இணையத்தில் பத்து நாள் தேடியும் தெரிந்துகொண்டிருக்க மாட்டேன். எனக்கு மிகவும் பிடித்திருந்த வண்டியில், நீட்டி அடி வைத்தபோதெல்லாம் என் முழங்காலுக்குக் கீழே பின்பக்க இரும்புத் தண்டு இடித்தது. நடக்கும்போது அது தெரியவே தெரியாது. இன்னொன்றில் கைப்பிடி உயரம் மாற்ற முடியாது: கணவருக்குச் சரி, நான் தோளைத் தூக்கிக்கொண்டு தள்ள வேண்டும்.

பைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மடித்துப் பாருங்கள். ஒரு கையில் மடங்கும் என்பார்கள். குனியாமல் மடங்குமா என்பதையும் பாருங்கள். நடைபாதை விளிம்பில் ஏற்றிப் பார்க்கக் கேளுங்கள், பெரும்பாலான கடைகளில் வாசலிலேயே ஒரு படி இருக்கும். முன்சக்கரத்தைப் பூட்டியபிறகு வண்டி தானாகத் திரும்பாது. கைப்பிடியை அழுத்தி மூக்கைக் கொஞ்சம் தூக்கித்தான் திருப்ப வேண்டும். வேகத்தைக் குறைக்காமல் வளைத்தால் சாயும். மூன்று கால் ஸ்டூல் போலத்தான்: பின்னால் அகலமாக ஊன்றி, முன்னால் ஒரே புள்ளியில் குறுகி நிற்கிறது. கைப்பிடியில் பை மாட்டுவதும் ஆபத்து, பாரம் பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்கும். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கி மாட்டிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிய மறுநொடி வண்டி மல்லாந்து விழுவதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அடிக்கூடையில் வையுங்கள்.

குழந்தை தயாரா?

நல்ல வண்டி வாங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் மூன்று மாதக் குழந்தையோடு ஓடுபவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. கழுத்து நன்றாக நின்று, தானாக உட்காரும் வரை ஓட்டத்தின் குலுக்கல் கூடாது. தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் ஆறு மாதம் என்றோ எட்டு மாதம் என்றோ எல்லை வைக்கிறார்கள். உங்கள் கையேட்டில் உள்ள எண்ணையும் குழந்தை மருத்துவர் சொல்வதையும் பார்த்து, எது அதிகமோ அதைப் பின்பற்றுங்கள். கார் இருக்கையையோ படுக்கைத் தொட்டிலையோ ஓட்ட வண்டியில் பொருத்த வசதி இருந்தால், அது நடப்பதற்கு மட்டும்தான். அவற்றை மாட்டிக்கொண்டு ஓடவே கூடாது.

அம்மாவுக்கும் ஒரு எல்லை உண்டு. பிரசவத்துக்குப் பின் குறைந்தது மூன்று மாதமாவது ஓட்டம் வேண்டாம் என்று பிரிட்டிஷ் பிசியோதெரபிஸ்டுகள் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. அதற்குப் பிறகும் வண்டியில்லாமல் ஓடிப் பழகிவிட்டு வண்டியைத் தொடுங்கள்.

வெயில் ஏறிவிட்டால் கூரைமேல் துணி போர்த்தும் பழக்கத்தை விடுங்கள். காற்று அடைபட்டு உள்ளே சூடு தேங்கும், குழந்தையின் முகமும் நமக்குத் தெரியாது. காற்றுப் போக வலை ஜன்னல் வைத்த ஆழமான கூரை உள்ள வண்டியைத் தேர்ந்தெடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று பிடரியில் கை வைத்துப் பாருங்கள், சூடாகவோ வியர்த்தோ இருக்கிறதா என்று தெரியும்.

வாங்கிய பிறகு கவனிக்காமல் விடுவது

டயரில் காற்று. எவ்வளவு என்பது டயர் ஓரத்திலேயே இருக்கும். பெட்ரோல் நிலையக் காற்றுக்குழாயில் அடித்தால் நொடியில் அளவைத் தாண்டிவிடும், அழுத்தமானி வைத்த சைக்கிள் பம்பே நல்லது. ஒரு பின்டயர் இறங்கியிருந்தாலும் வண்டி அந்தப் பக்கமாகவே இழுக்கும். சோதிக்க என் வழி: புளோக்கின் கீழ்த்தளத்தில் தரை ஓடுகளின் கோடு இருக்கிறதே, அதன்மேல் முன்சக்கரத்தை வைத்து, பூட்டிவிட்டு, மெல்லத் தள்ளிக் கையை விடுங்கள். காலி வண்டியில்தான்! மூன்று மீட்டருக்குள் கோட்டைவிட்டு விலகினால், முதலில் காற்று, அப்புறம் முன்சக்கரத்தின் திசை சரிசெய்யும் திருகு.

மணிக்கட்டு வாரை மாட்டாமல் ஓடாதீர்கள். மேம்பாலச் சரிவில் கை வழுக்கினால் வண்டிக்கும் நமக்கும் நடுவில் அது ஒன்றுதான் இருக்கும்.

கேரௌசல் என்ற இணையச் சந்தையில் பழைய வண்டி வாங்குபவர்கள் முன்சக்கரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2018 பிப்ரவரியில் பிரிட்டாக்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. பாப் என்ற பெயரில் 2011 டிசம்பர் முதல் 2015 செப்டம்பர் வரை விற்ற ஓட்ட வண்டிகளில், ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்சக்கரம் கழன்றுவிடுவதாகச் சுமார் 200 புகார்கள் வந்திருந்தன. குறைந்தது 50 குழந்தைகளுக்கும் 47 பெரியவர்களுக்கும் காயம். சட்டென்று கழற்றும் நெம்புகோலைச் சரியாகப் பூட்டாவிட்டால் சக்கரம் விடுபடுகிறது என்பதுதான் சிக்கல். வண்டியில் குறையில்லை என்று நிறுவனம் வாதாடியது. அந்த ஆண்டு நவம்பரில் சமரசமாகி, பூட்டும் முறையை விளக்கும் காணொளியும் சக்கரத்துக்கு மாற்று அச்சுத்தண்டும் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அந்த ஆண்டுகளின் வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கக்கூடும். எந்த மாடலாக இருந்தாலும் தயாரிப்புத் தேதியைப் பின்தண்டின் அருகே ஒட்டிய தாளில் பார்த்து, திரும்பப்பெறும் அறிவிப்பு உண்டா என்று தேடிவிட்டு வாங்குங்கள்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டும் வண்டி என்றால் சைக்கிள்காரர்களின் வழக்கம் ஒன்றைக் கடன் வாங்கலாம். நெம்புகோல் பாதி வழியிலேயே இறுக ஆரம்பிக்க வேண்டும், மூடி முடிக்கும்போது உள்ளங்கையில் அதன் தடம் பதிய வேண்டும். லேசாக மூடினால் பூட்டவில்லை என்று பொருள். பிறகு முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டு. குழந்தையை உட்கார வைப்பது அதற்குப் பிறகுதான். தினமும் காலையில் எங்கள் புளோக் மின்தூக்கி வாசலில் இதைச் செய்கிறேன். இப்போது மகனும் கையை நீட்டி, அவனுக்கு எட்டும் பின்சக்கரத்தை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் ஏறுகிறான்.