ஏற்காடு ஏத்தத்துல கார்க்காரனோட மல்லுக்கட்டறவங்க பண்ற தப்புங்க

ஞாயித்துக்கிழமை விடியக்காலைல சேலம் அஸ்தம்பட்டில ஒரு டீய போட்டுட்டு கோரிமேடு தாண்டி அடிவாரம் போற வரைக்கும் சைக்கிள்காரங்க எல்லாருமே சாந்தசொரூபிங்கதான். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, அதுல மூணாவதோ நாலாவதோ ஏறும்போது பின்னாடி ஒருத்தன் ஹாரன்ல வச்ச கைய எடுக்காம வருவான் பாருங்க, அங்க தெரியும் நம்ம லட்சணம்.

முதல் தப்பு, வர்ற கோவம் முழுக்க அவனாலதான்னு நினைக்கிறது. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம்தான், ஏற்காடு 1500க்கு மேல, இருக்கறதுலயே சின்ன கியர்ல எட்டு பத்து கிலோமீட்டர் வேகத்துல உருட்டிட்டு போறப்ப நெஞ்சு ஏற்கனவே திடும் திடும்னு அடிச்சுட்டு இருக்கும், சண்டைக்கு நிக்கறவனுக்கு எப்படி அடிக்குமோ அதே மாதிரி, அதுல ஒரு ஹாரன் விழுந்தா பத்திக்காம என்ன பண்ணும். இதே ஹாரன கீழ சேலம் நாலு ரோட்டுல கேட்டா திரும்பிக்கூட பாக்க மாட்டோம்.

அடுத்தது துரத்தறது. இத நானே பண்ணிருக்கேன். ஒரு வெள்ளை கார் முழங்கைல உரசாத குறையா போச்சு, அடுத்த வளைவுல பஸ்ஸுக்காக நின்னுட்டு இருந்தான், மாட்டுனடான்னு எழுந்து நின்னு மிதிச்சு போய் கண்ணாடிய தட்டுனேன். அவரு கண்ணாடிய இறக்குறாரு, எனக்கு வாயத் திறந்தா காத்துதான் வருது, ஒரு வார்த்தை வரல. "தண்ணி வேணுமா தம்பி?"ன்னு பாட்டில நீட்டிட்டாரு. என்ன பண்றது, வாங்கி குடிச்சேன்.

கார தட்டறது, கைய காட்டி கெட்ட வார்த்தை சொல்றதெல்லாம் வேண்டவே வேண்டாம், அவன்கிட்ட இருக்கறது ஒரு டன் இரும்பு, நம்மகிட்ட இருக்கறது ஹெல்மெட்.

பஸ்காரங்க மேல கோவப்படறதுதான் எனக்கு புரியவே மாட்டேங்குது. ஊசி வளைவுல பஸ் திரும்பணும்னா மொதல்ல வெளிப்பக்கமா அகலமா போயித்தான் ஆகணும், எதிர்ல இறங்குற பஸ்ஸும் நம்ம பக்கம் வரத்தான் செய்யும், அது திமிரு இல்ல. இடது வளைவுல பஸ் வலது பக்கம் ஒதுங்குச்சுன்னா வழி விட்டுட்டான்னு அந்த சந்துல மட்டும் நுழைஞ்சிடாதீங்க, முன் சக்கரம் போன தடத்துல பின் சக்கரம் போகாது, உள்பக்கமா அணைச்சுட்டு வரும், சுவத்துக்கும் டயருக்கும் நடுவுல மாட்டிக்குவீங்க. வளைவுக்கு முன்னாடியே நின்னு விட்டுடுங்க.

குறுகலான மலை ரோட்டுல மேல ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழின்னு ரூல் இருக்கு, வாஸ்தவம்தான். அத வளைவுல நின்னுட்டு பாடம் எடுக்காதீங்க. நிஜமாவே ஆபத்தா ஓட்டுனான்னா வண்டி நம்பர், நேரம், எத்தனாவது வளைவு இத மட்டும் குறிச்சுட்டு 112க்கு அடிங்க.

எல்லாத்துலயும் மோசம் ஏறும்போது பட்ட கோவத்த இறக்கத்துல தீத்துக்கறது. பிரேக்க பிடிச்சு பிடிச்சு ரிம் சூடாகி கிடக்கும், அந்த நேரத்துல எவனையோ ஓவர்டேக் பண்ணி முறைச்சு பாத்துட்டு திரும்பறதுக்குள்ள அடுத்த வளைவு வந்து நிக்கும். நான் இப்பல்லாம் கோவமா இருந்தா ஏரிக்கிட்ட ஒரு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, கால் மணி நேரம் உக்காந்துட்டுதான் இறங்கறது. மே மாசம் கோடை விழா சமயத்துல அந்தப் பக்கம் தலை வச்சுக்கூட படுக்கறதில்ல.