வெனிஸில் ஒயின் வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெனிஸ் நகரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒயின் என்பது ரொட்டி, காய்கறியோடு சேர்த்து வாங்கும் அன்றாடப் பொருள். வெளியூர்க்காரர்களோ அதைப் பரிசுப்பொருளாகவே பார்க்கிறார்கள். சான் மார்க்கோ சதுக்கத்தையும் ரியால்தோ பாலத்தையும் ஒட்டிய கடைகளில் அலங்காரப் பெட்டிகளுக்குக் காசைக் கொட்டுகிறார்கள். மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் பார்வையிலிருந்துதான் பிறக்கின்றன.

லேபிள் ஒட்டிய பாட்டிலைத் தவிர வேறு எதையும் திரும்பிப் பார்க்காமல் இருப்பது முதல் தவறு. கன்னரேஜோ, கஸ்தெல்லோ, தொர்சொதூரோ போன்ற பகுதிகளின் சந்துகளில் ‘வீனோ ஸ்பூசோ’, அதாவது பாட்டிலில் அடைக்காத சில்லறை ஒயின், விற்கும் சிறு கடைகள் உண்டு. தமிஜானா எனப்படும் பெருவயிற்றுக் கண்ணாடிக் குடுவையிலிருந்தோ எஃகுத் தொட்டியிலிருந்தோ லிட்டர் கணக்கில் அளந்து ஊற்றித் தருவார்கள். வழக்கமான தமிஜானா 54 லிட்டர் பிடிக்கும். செக்கெண்ணெய் வாங்க வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டுபோவதுபோல, உள்ளூர்ப் பாட்டிகள் கழுவிக் காயவைத்த ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு வருவார்கள். கடைக்காரர் குழாயைத் திறந்து கழுத்து வரை நிரப்பி, இறுக மூடி, எந்த ஒயின் என்று மூடிமேல் பேனாவால் எழுதிக் கொடுப்பார். லிட்டர் சில யூரோதான். விலை குறைவாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். பாட்டில், கார்க், லேபிள், விளம்பரம் எதற்கும் நீங்கள் காசு கொடுக்கவில்லை. வாங்கும் முன் ஒரு வாய் ருசி பார்க்கக் கேளுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். பியாவே ஆற்றுச் சமவெளியில் விளையும் ராபோசோ கிடைத்தால் விடாதீர்கள். புளிப்பும் துவர்ப்பும் தூக்கலான இந்தச் சிவப்பு ஒயின், கொழுப்பு மிகுந்த இறைச்சிக்கு அருமையாகப் பொருந்தும்.

அப்படி வாங்கியதை ஊருக்கு எடுத்துப்போக நினைக்கக்கூடாது. காற்றுப் பட்டதும் அது மாறத் தொடங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும். பாதி மிஞ்சினால் சிறிய பாட்டிலுக்கு மாற்றி, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். நுரைக்கும் வகையென்றால் அன்றைக்கே குடித்துவிடுவது நல்லது.

இந்தப் பகுதியின் புகழ்பெற்ற நுரை ஒயினான ப்ரோசெக்கோ விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். குழாயிலிருந்து பிடித்துத் தரும் நுரை ஒயினை ப்ரோசெக்கோ என்று நினைத்து வாங்குகிறார்கள். அந்தப் பெயரில் விற்பதென்றால் பாட்டிலில் அடைத்துத்தான் விற்க வேண்டும் என்பது விதி. குழாயில் வருவது அதே கிளேரா திராட்சையில் செய்ததாக இருக்கலாம், குடிக்கவும் நன்றாக இருக்கலாம். ஆனால் ப்ரோசெக்கோவுக்கான விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

பாட்டிலாக வாங்கும்போது லேபிளில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, ஊர்ப்பெயர். சாதாரண ப்ரோசெக்கோ வெனெத்தோ, ஃப்ரியூலி ஆகிய இரு மாநிலங்களின் ஒன்பது மாவட்டங்களில் எங்கு வேண்டுமானாலும் விளையலாம். கொனேலியானோ, வால்தொப்பியாதெனே என்ற பெயர்கள் இருந்தால் அது செங்குத்தான குன்றுச் சரிவில் விளைந்தது. 2019-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது அந்தக் குன்றுகளைத்தான். இன்னொன்று, இனிப்பு. ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று போட்டிருப்பதைச் சர்க்கரையே இல்லாதது என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் வரை சர்க்கரை இருக்கும். ‘ப்ரூட்’ அதைவிடக் குறைவு. ‘டிரை’ என்று மட்டும் இருந்தால் இரண்டையும்விட இனிப்பு. மீனுக்கு வாங்குகிறீர்களென்றால் ப்ரூட் கேளுங்கள்.

பெரிய பெயரைத் தேடி அமரோனே வாங்கி மத்தியான மீன் சாப்பாட்டோடு திறப்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. திராட்சையை மாதக்கணக்கில் உலர்த்திச் செய்யும் அந்தச் சிவப்பு ஒயினில் ஆல்கஹால் 14 சதவீதத்துக்குக் குறையாது. விலையும் அதற்கேற்பத்தான். வெங்காயமும் வினிகரும் சேர்த்து ஊறவைத்த மத்தி மீன் முன்னால் அது வீணாகிவிடும். வெரோனாவுக்குக் கிழக்கே விளையும் வெள்ளை சோவாவே போதும், காசும் மிச்சம்.

இத்தாலிய ஒயின்களுக்கான உயர்ந்த தரவகையைக் குறிக்கும் டி.ஓ.சி.ஜி. முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் சரியல்ல. எங்கே விளைந்தது, எந்த விதிப்படி செய்தார்கள் என்பதற்குத்தான் அது சான்று; உங்கள் நாக்குக்குப் பிடிக்கும் என்பதற்கு அல்ல. இத்தாலியின் மிகப் புகழ்பெற்ற ஒயின்களில் ஒன்றான சசிக்காயா, விதிகளுக்குள் அடங்காததால் பல ஆண்டுகள் வெறும் ‘மேசை ஒயின்’ என்றே விற்கப்பட்டது.

எதை வாங்குவது என்று குழப்பமாக இருந்தால் முந்தின மாலையே ஏதாவது ஒரு பாக்கரோவுக்கு, அதாவது உள்ளூர்ச் சிறு ஒயின் கடைக்கு, போய்விடுங்கள். உட்கார்ந்து ஒயின் பட்டியல் கேட்கும் இடமல்ல அது. கல்லாமேடை அருகே நின்று ஓர் ‘ஓம்ப்ரா’, அதாவது சின்னக் கிளாஸ் ஒயின், சொல்லுங்கள். கடிக்க ஒரு சிக்கெட்டி, அதாவது சின்னத் தின்பண்டம், போதும். பிடித்திருந்தால் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு மறுநாள் கடையில் வாங்கலாம்.

சிறு கடைகள் பல மதியம் மூடி, மாலையில்தான் மீண்டும் திறக்கும். ஞாயிறு பிற்பகலை நம்பவே வேண்டாம். வாங்கிய பாட்டிலைப் பாலத்துப் படியில் உட்கார்ந்து திறக்காதீர்கள், நகராட்சி அபராதம் போடும். அறைக்கு எடுத்துப்போய்க் குடியுங்கள்.